பழநிச் சாலையும் வாந்திபேதியும்

திண்டுக்கல் என்ற பெயர் 1816லேயே லண்டனில் அச்சான ஒரு புத்தகத்தின் தலைப்பில் ஏறிவிட்டது. பூட்டு, சுருட்டு, பிரியாணி என்று எதுவும் அதற்குக் காரணமில்லை. காய்ச்சல்தான் காரணம். கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலி ஆகிய சீமைகளில் 1809, 1810, 1811 ஆகிய மூன்று வருஷமும் ஆளை விழுங்கிய காய்ச்சல் எதனால் வந்தது என்று விசாரிக்க, சென்னை அரசாங்கம் மருத்துவர்களைக் கொண்ட ஒரு குழுவை அனுப்பியது. அந்தக் குழுவின் அறிக்கைதான் புத்தகமாக வந்தது. குழுவின் தலைவர் ஒயிட்லா எய்ன்ஸ்லி. நம் நாட்டு மருந்துச் சரக்குகளைத் தமிழ்ப் பெயர்களோடு தொகுத்து, 1813இல் சென்னையிலேயே புத்தகமாகப் போட்டவர் அவர்.

எண்பதுகளில் சுகாதார ஆய்வாளராகச் சேர்ந்து, திண்டுக்கல் வட்டாரத்திலேயே பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பிளீச்சிங் பவுடர் வாளியும் ரிஜிஸ்டருமாகத் தெருத்தெருவாக அலைந்தவன் கண்ணோடுதான் இந்தப் பழைய கதைகளைப் படிக்கிறேன். ஆட்சியர்களும் ஜெனரல்களும் எனக்கு இரண்டாம்பட்சம். ஒரு ஊரில் நோய் வந்ததும் சர்க்கார் எந்தக் கேள்வியை முதலில் கேட்டது, எந்தக் கேள்வியைக் கேட்காமலே விட்டது என்பதைத்தான் நான் தேடுவேன்.

1809ஆம் வருஷத்துத் திண்டுக்கல்லை நினைத்துப் பாருங்கள். திப்புவிடமிருந்து 1792 உடன்படிக்கையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறிய சீமை இது. கம்பெனியை எதிர்த்த பாளையக்காரர் விருப்பாச்சி கோபால் நாயக்கரைத் தூக்கிலிட்டு எட்டு வருஷம்தான் ஆகியிருந்தது. பாளையங்கள் ஒடுங்கிப்போயின. கிராமங்களை மூன்று வருஷக் குத்தகைக்கு விட்டு வரி வாங்கும் ஏற்பாடு அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. அந்த நேரத்தில் ஊர் ஊராக ஆட்கள் படுக்கையில் விழுந்தால் ஏர் பூட்ட ஆளில்லை; ஏர் பூட்டாவிட்டால் கிஸ்தி இல்லை. காய்ச்சல் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தைத் தொட்ட பிறகுதான் குழு கிளம்பியது. அறிக்கையின் தலைப்பிலேயே மருத்துவம், பூகோளம், விவசாயம் மூன்றும் வரிசையாக நிற்பதைப் பார்த்தாலே இது விளங்கும்.

ஆனாலும் அந்தக் குழுவின் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு. அவர்கள் ஊரின் நிலத்தைப் பார்த்தார்கள். பருவம் தப்பிப் பெய்த மழை, வடியாமல் தேங்கிய நீர், மலையடிவாரத்துப் புதர்க்காடு, இவற்றிலிருந்து கிளம்பும் கெட்ட காற்று என்று காரணத்தை அடுக்கினார்கள். கெட்ட காற்று என்பது அன்றைய ஐரோப்பிய மருத்துவம் முழுக்க நம்பிய கொள்கை. கொசு என்ற பேச்சே அப்போது இல்லை. ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டது 1897இல். திண்டுக்கல் காய்ச்சலும் மலேரியாவாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. சிறுமலைக்கும் பழநி மலை அடிவாரத்துக்கும் போய் வருகிறவர்களை மலைக்காய்ச்சல் பிடிக்கும் என்ற பயம் நம் பெரியவர்களிடம் வெகுகாலம் இருந்தது. காரணத்தைத் தப்பாகச் சொன்னாலும் கையைச் சரியான இடத்தில்தான் வைத்தார்கள்: தேங்கிய தண்ணீர்.

பலன்தான் பெரிதாக இல்லை. சீமை மருந்தென்று சொல்ல இருந்தது சிங்கோனாப் பட்டைத் தூள். அது தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வரவேண்டிய சரக்கு. குடியானவனுக்கு எட்டாத விலை. பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்ததே 1820இல். நீலகிரியில் சிங்கோனாத் தோட்டம் போட்டது 1860களில். தபாலாபீசில் காலணாப் பொட்டலமாகக் குயினைன் கிடைக்க அந்த நூற்றாண்டின் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1810இல் காய்ச்சலில் கிடந்தவனுக்கு நிலவேம்புக் கஷாயமும் விபூதியும்தான் துணை.

காய்ச்சல் ஓய்ந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை, காலரா வந்தது. 1817இல் வங்காளத்து ஜெஸ்ஸூரில் கிளம்பி, 1818 அக்டோபரில் சென்னைக்கு வந்து, 1819 தொடங்குவதற்குள் தெற்கே இறங்கி யாழ்ப்பாணம் வரை போய்விட்டது. காலையில் களத்துமேட்டில் நின்றவனைச் சாயங்காலம் சுடுகாட்டுக்குத் தூக்கிய நோய் அது. இன்றைக்கும் எங்கள் ஊர்ச் சண்டைகளில் வாயில் வந்து விழும் சாபம் ‘பேதியில போவ’ என்பதுதான். வாந்திபேதி வந்த ஊருக்குப் பெண் எடுக்கப் போகமாட்டார்கள், சந்தைக்குப் போகமாட்டார்கள். எல்லையில் வேப்பிலைத் தோரணம் கட்டி, அம்மனுக்குக் கூழ் ஊற்றி, வேற்றூர் ஆளை உள்ளே விடாமல் நிறுத்துவார்கள்.

இந்த இடத்தில்தான் பழநிச் சாலை கதைக்குள் வருகிறது. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காவடியோடு பழநிக்குப் போகிற கூட்டத்தில் பெரும்பகுதி திண்டுக்கல்லைத் தொட்டுத்தான் போகவேண்டும். செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடி நத்தம் வழியாக வந்து, திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் என்று நடந்து போகும். ஊர்ப் பெயர்களிலேயே சத்திரம் இருக்கிறது, பாருங்கள். 1875இல் திருச்சி–மதுரை ரயில் பாதை திண்டுக்கல் வழியாகத் திறந்ததும் கூட்டம் பெருகியது. பழநிக்கு ரயில் போனது 1928இல்தான். நடுவில் ஐம்பது வருஷத்துக்கு மேல், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் ரயிலில் வந்தவர்கள் திண்டுக்கல்லில் இறங்கி, கிட்டத்தட்ட அறுபது கிலோமீட்டரை மாட்டுவண்டியிலோ கால்நடையாகவோ கடந்தார்கள்.

வழியில் என்ன குடித்தார்கள்? சாலையோரத்துக் குளத்திலும் ஊருணியிலும் இருந்ததைக் குடித்தார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஊரழுக்கையெல்லாம் அடித்துக்கொண்டு வந்து அவற்றை நிரப்பியிருக்கும். தை மாதத்தில் அதே கரையில் கூட்டம் இறங்கும். குளிக்கும், துவைக்கும், சற்றுத் தள்ளி ஒதுங்கும், அதே தண்ணீரை மொண்டு சோறாக்கும். பழநியில் சண்முகநதியிலும் இதே கதைதான். ஒரே ஒருவர் நோயோடு வந்தாலும் போதும். கூட்டம் கலைந்து வீடு திரும்பும்போது வழியிலுள்ள ஊர் ஒவ்வொன்றிலும் ஒரு விதை விழுந்துவிடும்.

இது அன்றைய அதிகாரிகளுக்குத் தெரியாதது இல்லை. லண்டனில் ஜான் ஸ்னோ 1854லேயே தண்ணீரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார். 1866இல் கான்ஸ்டாண்டினோபிளில் கூடிய சர்வதேச சுகாதார மாநாடு, இந்தியாவின் புனித யாத்திரைகள்தான் உலகத்துக்குக் காலராவைப் பரப்புகின்றன என்று விரலை நீட்டியது. 1884இல் ராபர்ட் கோக் கல்கத்தாக் குளத்துத் தண்ணீரிலேயே கிருமியைக் காட்டினார். அப்படியும் இந்திய அரசாங்கத்தின் சுகாதார ஆணையர் ஜே. எம். கன்னிங்ஹாம் காலரா தொற்றாது என்றே சாதித்துக்கொண்டிருந்தார். தொற்றும் என்று ஒப்புக்கொண்டால் இந்தியக் கப்பல்களை ஐரோப்பியத் துறைமுகங்கள் தடுத்து நிறுத்தும். சூயஸ் கால்வாய் திறந்து வியாபாரம் சூடுபிடித்த காலம் அது. மருத்துவத்துக்குப் பின்னால் சரக்குக் கணக்கு உட்கார்ந்திருந்தது.

உள்ளூரில் சர்க்காருக்கு இன்னொரு சங்கடம். 1858இல் விக்டோரியா ராணியின் பிரகடனம் மத விஷயங்களில் தலையிடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருந்தது. தைப்பூசத்தைத் தடை செய்யத் துணிச்சல் இல்லை. அறுபது கிலோமீட்டருக்குக் கிணறும் சத்திரமும் கழிப்பிடமும் கட்டப் பணமில்லை. பணமில்லை என்பதைவிட அதற்கென்று ஒதுக்க மனமில்லை என்பதே சரி. திண்டுக்கல் 1866லும் பழநி 1886லும் நகராட்சியாயின. குப்பை வண்டியும் தெருவிளக்கும் வாந்திபேதியும் இந்த நகராட்சிகளின் தலையில் வந்து விழுந்தன. வருமானமோ உள்ளூர் வரியோடு நின்றது. எய்ன்ஸ்லி காலத்தில் நிலத்தைப் பார்த்த சர்க்கார், இப்போது நடந்து போகிற மனிதனைப் பார்க்க ஆரம்பித்தது. நிலத்தைத் திருத்தச் செலவாகும். மனிதனைக் குற்றம் சொல்லச் செலவில்லை. காலனிய காலத்து நோய்த்தடுப்பைப் பற்றி நான் சொல்ல வந்ததெல்லாம் இதற்குள் அடக்கம்.

இதற்குப் பெரிய சாட்சி தாது வருஷத்துப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை மழை பொய்த்து, சனங்கள் கூலிக்கும் கஞ்சிக்கும் ஊர் ஊராக நடந்தார்கள். பசியில் கிடந்த உடம்பைக் காலராவும் பெரியம்மையும் எளிதாகச் சாய்த்தன. 1877 ஒரே வருஷத்தில் சென்னை மாகாணத்தில் மூன்றரை லட்சம் பேருக்கு மேல் காலராவில் செத்ததாகச் சர்க்கார் கணக்கே சொல்கிறது. அந்த நேரத்தில்தான் பஞ்ச நிவாரணத்தை மேற்பார்க்க இந்திய அரசாங்கம் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்காரனின் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் என்று குறைத்தார். சென்னையின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ், இது உயிரைத் தாங்காது என்று எதிர்த்து எழுதினார். கஞ்சித்தொட்டியின் அளவும் நோய்த்தடுப்பில் சேர்ந்ததுதான் என்று சர்க்காருக்குள்ளேயே ஒருவர் சொன்னார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பெரியம்மை விஷயம் வேறு மாதிரி. திண்டுக்கல் கோட்டை மாரியம்மனுக்கு மாசியில் திருவிழா. அம்மை பரவும் பருவமும் மாசி, பங்குனி, சித்திரைதான். அம்மை வார்த்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகினால் வெளியாள் உள்ளே போகமாட்டான். அந்த வீட்டில் தாளிக்க மாட்டார்கள், விசேஷம் வைக்க மாட்டார்கள், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை பிள்ளையை வெளியே விடமாட்டார்கள். பக்தி என்று சொல்லுங்கள், பயம் என்று சொல்லுங்கள். வேலை அளவில் அது தனிமைப்படுத்தல். இதை மூடநம்பிக்கை என்று ஒரே வரியில் தள்ளிவிட்ட அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வரும்.

அம்மை குத்துவது சென்னை மாகாணத்துக்கு 1802இல் வந்தது. ஆரம்பத்தில் அதை எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தால் சனங்கள் ஏன் ஓடினார்கள் என்பது புரியும். மருந்து புட்டியில் வரவில்லை. பிள்ளையின் கையில் வந்தது. ஒரு பிள்ளைக்குக் குத்தி, எட்டாம் நாள் கொப்புளம் முற்றியதும் அந்தப் பிள்ளையைத் திரும்பக் கூட்டிவரச் சொல்வார்கள். கொப்புளத்தைக் கத்தி முனையால் கீறி, கசிகிற நீரை எடுத்து, வரிசையில் நிற்கிற அடுத்த பிள்ளையின் கையைக் கீறித் தடவுவார்கள். கை வீங்கி, காய்ச்சலில் அனத்துகிற குழந்தையை எந்தத் தாய் திரும்பத் தூக்கி வருவாள்? யார் வீட்டுப் பிள்ளையின் கையிலிருந்து யார் வீட்டுப் பிள்ளைக்கு என்ற சாதிக் கேள்வி வேறு. வற்புறுத்தலுக்கு எளிதில் ஆட்படக்கூடியவர்கள் ஏழைகளும் ஒடுக்கப்பட்டவர்களும்தான். பல இடங்களில் அவர்கள் பிள்ளைகளின் கைகளே மருந்துக் கிடங்காயின. மேல்சாதிக்காரர்கள் அந்த நீரைத் தொடமாட்டோம் என்றார்கள். இரண்டு பக்கமும் மறுப்பு, இரண்டுக்கும் வேறு வேறு காரணம். சர்க்கார் ஏட்டில் இரண்டும் அறியாமை என்ற ஒரே பத்தியில் அடங்கின.

எல்லீசர் என்று நாம் அழைக்கும், சென்னை ஆட்சியராக இருந்த எல்லிஸ் துரை, அம்மைப்பால் பசு தந்த கொடை என்று காட்டப் புராண நடையில் ஒரு கதையே எழுதிப்பார்த்தார். கதைக்கு மசியாத சனங்களுக்குச் சட்டம் வந்தது. 1884ஆம் ஆண்டுச் சட்டம் நகராட்சிகளில் அம்மை குத்துவதைக் கட்டாயமாக்க வழி செய்தது. தட்டிக்கழித்த பெற்றோருக்கு அபராதம். உண்மையில் மாற்றம் வந்தது சட்டத்தால் மட்டுமல்ல. கையிலிருந்து கைக்கு என்பது போய், கன்றுக்குட்டியில் வளர்த்த மருந்து வந்தது. வெயிலில் அது கெடாதபடி லனோலினில் குழைத்து அனுப்பும் முறையை டபிள்யூ. ஜி. கிங் என்ற அதிகாரி கொண்டுவந்தார். கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிடியூட்டின் பெயர் அவருடையதுதான். எட்டாம் நாள் பிள்ளையைத் தூக்கிவரும் கொடுமை ஒழிந்ததும் எதிர்ப்பில் பாதி கரைந்தது.

நான் வேலைக்குச் சேரும்போது பெரியம்மை ஒழிந்துவிட்டது. பழைய அம்மை குத்துகிறவர்கள் சிலர் மட்டும் வேறு வேலைக்கு மாற்றப்பட்டு எங்களோடு இருந்தார்கள். அம்மை குத்தும் கருவியை அவர்களில் ஒருவர் எனக்குக் காட்டியிருக்கிறார். விரல் நீளக் கம்பி, அதன் நுனியில் சட்டைப் பொத்தானைவிடச் சின்ன வட்டம், வட்டத்தில் பல் பல்லாக முனை. தோளில் மருந்துச் சொட்டை வைத்து, வட்டத்தை அழுத்தி ஒரு திருகு. ஐம்பதுகளில் பிறந்தவர்கள் கைச்சட்டையைச் சுருட்டினால் இன்றும் அந்தத் தழும்பு தெரியும். ‘நாங்க தெருவுக்குள்ள நுழைஞ்சா கதவெல்லாம் சாத்திக்கும், பின்கட்டு வழியாப் பிள்ளைய வைக்கப்போருக்குள்ள ஒளிச்சு வைப்பாக. வீட்டுக்காரம்மா திட்டுறதையும் நாங்கதான் வாங்கணும், மேலதிகாரி முறைக்கிறதையும் நாங்கதான் வாங்கணும்’ என்பார். துரைகளின் அறிக்கையில் இந்த ஆளுக்கு இடம் எண்ணிக்கைப் பத்தியில் மட்டும்தான்.

பிளேக் வந்தபோது சர்க்கார் முழு முரட்டுத்தனத்தோடு இறங்கியது. 1897இல் பம்பாய்ப் பிளேக்குக்காக அவசரமாக நிறைவேறிய கொள்ளை நோய்ச் சட்டத்தில் நாலே நாலு பிரிவு. எந்த ஆளையும் எந்த வீட்டையும் சோதிக்கலாம், அதிகாரி மேல் வழக்குப் போடமுடியாது. தண்ணீர் தரவேண்டிய கடமை, வீடிழந்தவனுக்குக் கூலி தரவேண்டிய கடமை, எதுவும் அதில் இல்லை. சென்னை மாகாணத்தில் பிளேக் பிடித்த ஊரிலிருந்து வருகிறவனுக்கு ‘பிளேக் பாஸ்போர்ட்’ கொடுத்து, போன இடத்தில் தினமும் ஆஜராகச் சொன்னார்கள். நமக்குப் பக்கத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் பிளேக் 1930கள் வரை விடாமல் தங்கியது. எலி வளைகளுக்குள் விஷவாயுப் பொடியைப் பம்பு வைத்து அடித்து ஆராய்ச்சி செய்தார்கள். எலி செத்து விழுந்தால் ஊரையே காலி செய்து காட்டில் குடிசை போடுவது பல சீமைகளில் சனங்களின் வழக்கம். தலைமுறை அனுபவத்தில் கற்றது அது. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில்களே எழும்பின.

திருப்பம் வந்தது 1920களில். 1919 சீர்திருத்தப்படி சுகாதாரம் இந்திய மந்திரிகள் கைக்கு மாறியது. பொதுசுகாதாரத் துறைக்கு ஒரு இயக்குநர், ஜில்லாவுக்கு ஒரு சுகாதார அதிகாரி, அவர் கீழே ஹெல்த் இன்ஸ்பெக்டர்கள் என்று ஏற்பாடு வந்தது. என் வேலையின் பூர்வீகம் இதுதான். ஓட்டுக் கேட்கவேண்டியவர்கள் கையில் பணம் வந்தது; கிராமத்துக் கிணற்றில் கிருமி கொல்லும் பெர்மாங்கனேட் கரைப்பதும் இந்த ஏற்பாட்டின் வேலையானது. கத்திரிப்பூ நிறத்தில் தண்ணீர் மாறியதைப் பார்த்து, விஷம் வைக்கிறார்கள் என்று வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதைகளும் உண்டு. 1939இல் ராஜாஜி மந்திரிசபையில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் பொறுப்பில் சென்னைப் பொதுசுகாதாரச் சட்டம் வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பிரிவுகள். குடிநீர், சாக்கடை, கழிப்பிடம் எல்லாவற்றுக்கும் உள்ளாட்சி பொறுப்பு என்று எழுதிவைத்து, திருவிழாக்களுக்கென்றே தனி அத்தியாயம் போட்டது. 1897இன் நாலு பிரிவையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு ஆட்சிகளின் மனசும் தெரிந்துவிடும்.

அந்தத் திருவிழா அத்தியாயத்தின் கீழ்தான் நானும் பழநிச் சாலையில் பங்குனி உத்திரத்து டியூட்டி பார்த்தேன். வேலை எளிதானது, சலிப்பானது. குழாயில் ஒரு சின்னச் சோதனைக் குழலை நிரப்பி, குளோரின் இருந்தால் மஞ்சளாக்கும் மருந்தைச் சில சொட்டு விட்டு, மஞ்சள் ஏறுகிறதா என்று நிற அட்டையோடு ஒத்துப்பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் தொட்டிக்கு ஏறிப் போகவேண்டும். ‘ஏந்தம்பி, தண்ணியில என்னத்தையோ கலந்து வச்சிருக்கீக, வாடை குமட்டுதே’ என்று காவடிக் கூட்டத்து அப்பத்தா ஒருவர் சண்டைக்கே வந்தார். ‘அந்த வாடை இருந்தாத்தான் அப்பத்தா நீங்க நல்லபடியா வீடு போய்ச் சேருவீங்க’ என்றேன். திட்டிக்கொண்டேதான் குடத்தை நிரப்பினார். சந்தேகப்பட்டாலும் அவரை யாரும் வழிமறிக்கவில்லை. அவர் குடிக்கிற தண்ணீருக்குச் சர்க்கார் பொறுப்பேற்றிருந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் அதே சாலையில் நடந்த அவர் பாட்டிக்கு இது கிடைக்கவில்லை.

2020இல் கொரோனா வந்ததும் தமிழ்நாட்டில் 1897, 1939 ஆகிய இரண்டு சட்டங்களையும் கையில் எடுத்தார்கள். ஜில்லா எல்லையில் இ-பாஸ் கேட்டபோது எனக்குப் பிளேக் பாஸ்போர்ட் ஞாபகம் வந்தது. தடுப்பு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தொற்று நோய்க்குச் சில நாள் தடுப்பும் வேண்டும். ஆனால் தடுப்பு போட ஒரு உத்தரவு போதும், மறுநாளே நடந்துவிடும். தண்ணீருக்கும் கூலிக்கும் வருஷக்கணக்கில் பட்ஜெட் போடவேண்டும், பாராட்டும் கிடைக்காது. அதனால்தான் எந்த ஆட்சிக்கும் முதலில் சட்டெனக் கைக்கு வருவது தடுப்பாக இருக்கிறது. துறைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: நோய் வந்த ஊருக்குப் போனால், வெளியூரிலிருந்து யார் வந்தது என்று கேளுங்கள், தப்பில்லை. அதற்கு முன்னால் கடைசித் தெருக் குழாயைத் திறந்து பாருங்கள்.